தம்மைப் பின்னிறுத்திய மூவர்

அண்மையில் அடுத்தடுத்துப் படித்து முடித்தவை மூன்று புத்தகங்கள். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தன்வரலாறு. ஏ.கே.செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ ஒரு படம் உருவான அலைச்சலின் கதை. ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவல். வகை வேறு, நடை வேறு. ஆனால் மூவரும் தம்மைச் சற்றுத் தள்ளி நிறுத்திக்கொண்டு, தாம் கண்டவற்றுக்கு வழிவிட்டவர்கள். அந்தப் பண்புதான் என்னைக் கட்டிப்போட்டது.

‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் உ.வே.சா. மறைய, 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. தலைப்பில் ‘என்’ இருந்தாலும், நூலின் பெரும்பகுதிக்கு நாயகர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான். பிள்ளை வாயால் பாட்டுச் சொல்லிக்கொண்டே போக, ஏட்டில் எழுதும் கை பின்தங்காமல் ஓடவேண்டும். அந்தக் கவித்துவ வேகத்தையும், அவ்வளவு பெரிய புலவரைப் பற்றியிருந்த வறுமையையும் ஒரே நிதானத்தோடு சொல்கிறார் உ.வே.சா. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் சங்கீதம் கற்பது ஆசிரியருக்கு உவப்பில்லை என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டதையும் அப்படியே எழுதிவிடுகிறார்.

நூலின் உச்சம் என்று நான் சொல்வது 1880ஆம் ஆண்டுக் காட்சியை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. தமக்கு அன்று நேர்ந்த சிறுமையைக் கொஞ்சமும் மழுப்பாமல் முழுதாக எழுதியிருப்பதில் அவருடைய பெருந்தன்மை தெரிகிறது. 1887இல் சிந்தாமணி அச்சேறியதற்கு வித்து அந்தச் சந்திப்பு.

ஏ.கே.செட்டியார் 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்று நினைத்தார். முப்பதாண்டுக் காலத்தில் ஏறக்குறைய நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருளை நாடு நாடாகத் தேடிச் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. வேறொருவராக இருந்தால் பக்கத்துக்குப் பக்கம் தம்பட்டம் அடித்திருப்பார். செட்டியாரிடம் சின்னச் சின்ன வாக்கியங்கள். யாரைப் பார்த்தோம், என்ன கிடைத்தது, அவ்வளவுதான். பட்ட பாட்டை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் அந்தச் சிக்கனத்தால்தான் ஒவ்வொரு தகவலும் மனத்தில் நிற்கிறது.

சிங்காரம் 1938இல் சிங்கம்புணரியிலிருந்து சுமத்ராவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போனவர். ஜப்பானிய ஆக்கிரமிப்பை நேரில் கண்டவர். 1972இல் வெளிவந்த இந்த நாவலில் அந்த அனுபவமெல்லாம் நாயகன் பாண்டியனுடையதாக மாறிவிட்டது. செட்டியார்களின் வட்டிக்கடைப் பேச்சு, மலாய்ச் சொற்கள், இந்திய தேசிய ராணுவத்தின் கட்டளைகள், மதுரைத் தெருக்களின் நினைவு எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. தமிழ்ப் பெருமை பற்றிய வாதங்களில் ஆசிரியர் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்வதில்லை. பாத்திரங்களே அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். கடலில் புயல் அடிக்கும் அத்தியாயத்தில் வாக்கியங்கள் துண்டு துண்டாக உடைகின்றன. அதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவேண்டும், மூச்சு வாங்கும். பாண்டியனின் நீண்ட மனவோட்டங்கள் சில இடங்களில் பொறுமையைச் சோதிப்பது உண்மை. என்றாலும் போரையும் புலம்பெயர்வையும் இவ்வளவு உயிரோட்டத்தோடு எழுதிய தமிழ் நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செட்டியாரிடமிருந்து தொடங்கலாம். சில நாளில் முடிந்துவிடும். சிங்காரத்தின் முதல் சில அத்தியாயங்கள் பிடிபடாவிட்டாலும் கைவிடவேண்டாம். உ.வே.சா.வை மட்டும் அவசரமில்லாமல், நாளுக்கு இரண்டு அத்தியாயமாகப் படியுங்கள். தொடராக வாசிக்கவே எழுதப்பட்ட நூல் அது. அப்படிப் படித்தால்தான் அதன் ருசி தெரியும்.