வாசற்படியில் ஒரு பிரிவு

நபிமார்க்கு உருவம் தீட்டுதல் நம் மரபன்று. எனினும், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1637-இல் செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்ட கையகலப் படமொன்று நம் சிந்தனைக்குரியது. பைபிளின் ஆதியாகமம் கூறுமாறு, அன்னை ஹாஜரா வீட்டினின்றும் அனுப்பப்படும் காட்சி அது.

இபுறாஹீம் நபியவர்களுக்கு ஒரு கால் படியில், மறுகால் தரையில். கைகளோ இருபுறமும் விரிந்துள்ளன. அன்னை துணியால் கண்களை ஒற்றுகிறார். சிறுவர் இஸ்மாயீலின் முதுகு மட்டுமே தெரிகிறது. முகத்தை மறைத்தே துயரைக் காட்டிவிட்டார் ஓவியர்!

நாம் அறிந்த வரலாற்றில் நபியவர்கள் வாசலோடு நின்றுவிடவில்லை. பால்குடி மாறாத மகவையும் தாயையும் மக்கத்துப் பள்ளத்தாக்குவரை தாமே அழைத்துச் சென்றார்கள். திரும்பும் வழியில் அவர்களுக்காக இறைஞ்சினார்கள். அது வேறு மரபு. அதனை இப்படத்தில் தேடுதல் முறையன்று. ஆனால், சாளரத்தில் சாய்ந்திருக்கும் அன்னை சாராவின் இதழில் வெற்றிப் புன்னகை வைத்தாரே, அதுதான் நமக்கு உடன்பாடில்லை. அவரும் நபியின் துணைவியாரன்றோ?