வத்திராயிருப்பில் மார்கழி

வத்திராயிருப்பில் கவிதைத் தொகுப்பு வாங்கிப் படிப்பவர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் மார்கழி பிறந்தால், விடியுமுன் ஒலிபெருக்கியில் திருப்பாவை வந்துவிடும். கோலமிடும் பெண்களில் பலர் கூடவே முணுமுணுப்பார்கள். நாளுக்கு ஒன்றாக முப்பது பாட்டு. கவிதை வாசகர் இல்லை என்று வருந்துகிறவர்கள் இவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு இவர்கள்தான் முதல் வாசகர்கள்.

பக்தி ஒன்றே காரணம் என்றால் எல்லாப் பக்திப் பாடல்களும் இப்படி நின்றிருக்க வேண்டுமே! பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பெண் ஆண்டாள், தன் கண் பார்த்ததைத் திருப்பாவையில் எழுதினாள். மூன்றாம் பாட்டில் ஓங்கிய நெற்பயிரின் ஊடே கயல் துள்ளுகிறது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் இந்த ஊருக்கு அதற்கு உரை எதற்கு? நான்காம் பாட்டு முழுக்க மழை. கடலில் முகந்து, கறுத்து, மின்னி, அதிர்ந்து பொழிகிற வரிசை குழந்தைக்கும் புரிகிறது. ஆறிலிருந்து பதினைந்து வரை தோழியரை எழுப்பும் பாட்டுகள். பதினைந்தாவது, வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவே நடக்கும் வாய்ச்சண்டையேதான். எத்தனை உயிருள்ள பேச்சு!

ஒவ்வொரு பாட்டும் எட்டடி, எல்லாவற்றுக்கும் ஒரே முடிப்பு. மனப்பாடம் ஆவதற்கென்றே அமைந்த கட்டு. இருபத்தேழாம் நாள் அக்காரவடிசில். நெய் முழங்கை வழிய உண்பதைப் பாடிய பாட்டு, அன்று அடுப்பில் ஏறிவிடுகிறது.