பணிதலும் புலம்பலும்: தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களில் இறைத்திருவுளம்

முன்னுரை

இறைவனின் திருவுளத்திற்குப் பணிந்து நடத்தல் கிறித்தவ வாழ்வின் அடிப்படை அறங்களுள் ஒன்றாகும். துயருற்றவனை அழாதிருக்கச் சொல்வதும், ஐயுற்றவனை வினவாதிருக்கச் சொல்வதுமே இவ்வறத்தின் பொருள் எனக் கொள்ளும் போக்கு சமயப் பேச்சில் உண்டு. தமிழ்க் கிறித்தவக் காப்பியங்கள் இரண்டும் இதற்கு உடன்படுகின்றனவா என்பதை நாம் இங்கு ஆராய முற்படுகிறோம். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் (1726) எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் (1894) நம் ஆய்வுக்கு உரியவை.

ஊழும் திருவுளமும்

பழைய தமிழ் வேதாகமத்தில் 'சித்தம்' என வழங்கிய சொல், 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் 'திருவுளம்' என்றாயிற்று. இவ்விரு சொற்களையும் கேட்கும் தமிழ் மனத்தில் மூன்றாவதாக ஒரு சொல்லும் நிழலாடுவது இயல்பு. அதுவே ஊழ். ஊழ்வினை தவறாது வந்து பயனூட்டும் என்பதைச் சிலப்பதிகாரம் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே அறிவிக்கிறது. ஆயின் ஊழும் திருவுளமும் ஒன்றல்ல. ஊழ் வினையின் விளைவு. அதனிடம் முறையிட இயலாது. திருவுளமோ ஒருவருடைய உள்ளம். அதனிடம் மன்றாடலாம், வினவலாம், அழலாம். கெத்செமனித் தோட்டத்தில் இயேசு துன்பக் கிண்ணம் அகலுமாறு வேண்டிய பின்னரே தந்தையின் விருப்பத்திற்கு இசைந்தார் என்றும், மூன்று முறை அவ்வாறு மன்றாடினார் என்றும் மத்தேயு நற்செய்தி கூறுகிறது. அவர் பாடுகளின் வாயிலாகக் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்பது எபிரெயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் கருத்து. பணிவு கற்றுக்கொள்ளப்படுவது என்னும் இக்கருத்தே நம் ஆய்வின் அளவுகோலாகும்.

வளனின் ஐயம்

மத்தேயு காட்டும் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை. நான்கு முறை கனவில் கட்டளையோ எச்சரிக்கையோ பெறுகிறார். நான்கு முறையும் அதன்படி நடக்கிறார். பேசாத இம்மனிதரையே வீரமாமுனிவர் வளன் எனப் பெயரிட்டு, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியத்தின் தலைவராக்கினார். போர்க்களம் காணாத ஒருவர் காப்பியத் தலைவராவது எங்ஙனம் என்னும் வினா இங்கு எழுகிறது. மரியாள் கருவுற்றமை கண்டு யோசேப்பு கலங்கியதை நற்செய்தி சில வரிகளில் கடந்து செல்கிறது. தேம்பாவணியோ அதற்கு ஐயந்தோற்று படலம் என ஒரு படலத்தையும், ஐயநீங்கு படலம் என மற்றொரு படலத்தையும் ஒதுக்குகிறது. இதனை வருணனைப் பெருக்கம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. காடேகப் பணித்த கட்டளையைக் கேட்ட கம்பனின் இராமன் முகவாட்டமின்றி ஏற்கிறான். அவனது பணிவு முன்னரே முதிர்ந்தது. வளனின் பணிவோ ஐயத்தின் வழியே முதிர்வது. களத்தில் பிறர் காட்டும் வீரம் இவரிடத்தில் அகப்போராட்டமாக அமைகிறது என்பது நம் கருத்து.

கருணையனின் புலம்பல்

திருமுழுக்கு யோவானே தேம்பாவணியில் கருணையன் ஆகிறார். கானகத்தில் தாய் எலிசபெத்துடன் வாழ்ந்த அவர், தாய் இறந்தபின் அவ்வுடலைத் தாமே அடக்கம் செய்கிறார். தாயின் வாய்மொழியே மழையாக வளர்ந்த தாம், இனி நீரற்ற இளம்பயிராய் வாடுவதாகப் புலம்புகிறார். கனிகளைத் தேடும் வழியும் காட்டில் செல்லும் வழியும் தாம் அறியாதவை என்கிறார். இதனைக் கையறுநிலை மரபின் தொடர்ச்சி எனலாம்; அது உண்மையே. எனினும் அம்மட்டில் நின்றுவிடின் ஒரு செய்தி விடுபட்டுப் போகும். கருணையன் அழுகையில் மரங்களும் பறவைகளும் உடன் அழுவதாகப் புலவர் பாடுகிறார். புலம்பல் இறைவனுக்கு எதிரான குற்றமாயின், அவன் படைப்பு அதில் பங்கேற்குமோ? பின்னாளில், தமக்குப் பின் வருபவர் வளரவும் தாம் குறையவும் வேண்டும் என உரைக்கும் யோவான் இவரே. அப்பணிவு அழுகையை அறியாத ஒருவருடையதன்று.

கட்டுண்டு நின்ற மௌனம்

வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை, ஜான் பன்யனின் ஆங்கில நூலைத் (1678) தழுவி 3766 பாடல்களில் தம் காப்பியத்தை அமைத்தார். பன்யனின் நூலில் விரிவாக இடம்பெறாத இயேசுவின் பாடுகளை அவர் விரித்துப் பாடியது குறிப்பிடத்தக்கது. பகைவர் கயிற்றால் கட்டியபோது, மாந்தர்மேல் கொண்ட அன்பென்னும் கட்டினை அவிழ்க்க இயலாதவர்போல் இயேசு நின்றார் என்பது புலவரின் கற்பனை. தம் உயிருக்கு வரும் ஊறு கருதி அவர் கவலவில்லை. கொடுமை செய்வோர் அடையவிருக்கும் துன்பத்திற்கே இரங்கினார். இங்கு மௌனம் வலிமையின்மையின் அடையாளமாகாது. அது அன்பினால் தேர்ந்துகொள்ளப்பட்டது. சரணடைதலைப் போற்றும் வைணவச் சூழலில் வளர்ந்த உள்ளத்திற்கு இப்பணிவு அந்நியமாக இருந்திராது என்று கருத இடமுண்டு. எனினும் உருவகக் கதையாதலின் பாத்திரங்கள் பலவும் பண்புகளின் பெயர்களாகவே நின்றுவிடுகின்றன. கருணையனிடம் நாம் உணரும் உயிர்த்துடிப்பு அவற்றில் குறைவு என்பதையும் சுட்ட வேண்டியுள்ளது.

முடிவுரை

ஐயம், புலம்பல், மௌனம் ஆகிய மூன்றையும் இக்காப்பியங்கள் பணிவின் பகைகளாகக் காணவில்லை. அதனைக் கற்கும் நிலைகளாகவே காண்கின்றன. பிறர்மேல் சுமத்தப்படும் மௌனத்திற்கும் ஒருவர் தாமே அன்பினால் ஏற்கும் மௌனத்திற்கும் உள்ள வேறுபாட்டை இவை நமக்கு உணர்த்துகின்றன. ஆதலின், துயருறுவோரின் வாயடைக்க இறைத்திருவுளத்தைத் துணைக்கு அழைப்பவர் இவ்விரு புலவரையும் சான்றாகக் காட்ட இயலாது. தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை வடிவ மரபுகளை மட்டும் கொண்டு அளக்கும் ஆய்வுகள், அம்மரபுகள் தாங்கி நிற்கும் இச்சமயச் சிந்தனையையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.