இணையமைப்பும் ஆங்கில இலக்கணப் பரீட்சையும்

ஆங்கில வாக்கியத்தில் நிரலே வரும் சொற்களும் தொடர்களும் ஒரு வடிவினவாய் அமைதலை இணையமைப்பு என்பர். ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்றோரின் திறனை அளத்தற்கென 1964ஆம் ஆண்டில் தொடங்கிய டோபல் பரீட்சையின் பழைய வினாத்தாள்களில் இதுபற்றிய வினாக்கள் பல இடம்பெற்றன. வாக்கியமொன்றின் நான்கு இடங்களுக்குக் கீழே கோடிட்டு, பிழையுள்ள இடம் யாது என வினவுவது ஒரு முறை. இம்முறை உண்மையில் அளப்பது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

'ஷி லைக்ஸ் சிங்கிங், டான்சிங் அன்ட் டு குக்' என்னும் வாக்கியத்தை நோக்குவாம். 'லைக்' என்னும் வினை 'சிங்கிங்' போன்ற வடிவையும் ஏற்கும். 'டு குக்' போன்ற வடிவையும் ஏற்கும். ஆகவே தனித்து நோக்குமிடத்து எவ்வுறுப்பும் பிழையன்று. இருவடிவும் கலந்து நிற்றலே குற்றமாயிற்று. ஆயின் வாக்கியத்தின் பொருளையே அறியாத மாணவனும் ஈறுகளை மட்டும் ஒப்பிட்டு விடையைக் கண்டுவிடுவான்.

இவ்வுபாயம் இருவகையாற் பிழைபடும். வடிவு ஒத்தும் பொருள் ஒவ்வாதன உள. 'பழங்கள், மாம்பழங்கள், காய்கறிகள் ஆகியவற்றை வாங்கினான்' என ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றும் பன்மைப் பெயர்களே. எனினும் இனத்தையும் அதனுள் அடங்கும் வகையையும் ஒரு நிரையில் வைத்தமையால் அது குற்றமுடைத்து. ஈற்றை மட்டும் நோக்குங் கண்ணுக்கு இக்குற்றம் புலப்படாது.

வடிவு ஒவ்வாதும் வழுவற்றன உள. 'ஹி இஸ் எ பார்மர் அன்ட் ப்றவுட் ஒவ் இட்' என்பதில் முதலுறுப்புப் பெயர், அடுத்தது பெயரடை. இது நல்ல ஆங்கிலமே. இணைக்கப்படும் உறுப்புக்கள் சொல்வகையால் ஒத்திருத்தல் வேண்டா, வாக்கியத்தில் ஆற்றுந் தொழிலால் ஒத்திருத்தல் வேண்டும் என்பதை, 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் விளக்கியுள்ளனர். இத்தகைய வாக்கியத்தை எழுதிய மாணவனுக்குப் புள்ளி குறைத்தல் அநீதியாகும்.

இவ்வுண்மை தமிழிலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று. 'அரசனும் யானையும் வருக' என இருதிணைப் பெயர்கள் விரவி எண்ணப்பட்டு வியங்கோள் முடிபு கொள்வதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. திணையால் வேறுபடினும், இருதிணைக்கும் பொதுவாகிய வினையோடு இயைதலில் அவை ஒத்து நிற்கின்றன.

எனினும் இணையமைப்பு வினாக்களை முற்றாக வெறுத்தல் நேர்மையன்று. 'நொட் ஒன்லி', 'பட் ஓல்சோ' என்னும் இரட்டைச் சொற்கள் வினைக்கு முன் நிற்பின் இரு செயல்களும், பெயருக்கு முன் நிற்பின் இரு பொருள்களும் இணையும். இவற்றை உரிய இடத்தில் நிறுத்துமாறு கேட்கும் வினா வடிவையும் பொருளையும் ஒருங்கே சோதிக்கிறது.

2005இல் அறிமுகமான டோபல் இணையவழிப் பரீட்சையில் தனி இலக்கணப் பகுதி இல்லை. ஆயினும் வகுப்பறைகளில் இவ்வகை வினாக்கள் மறைந்தில. ஆதலின் வினா இயற்றுவோர், பிழையான இடத்தைக் காட்டுக என்பதோடு அமையாது, அது பிழையாதற்குக் காரணங் கூறித் திருத்தி எழுதுக என்றுங் கேட்டல் வேண்டும். திருத்துதற்கு மணித்தியாலங்கள் சில மிகுதியாகச் செலவாகும்; ஆயினும் மாணவன் அறிந்தெழுதினானா, ஊகித்தெழுதினானா என்பது அப்பொழுதே தெளியும்.