மெக்சிகோ 1968: அளந்ததும் எண்ணாததும்

1968 அக்டோபர் 18. மெக்சிகோ நகரின் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில், ஒலிம்பிக் நீளம் தாண்டுதலில் அமெரிக்க வீரர் பாப் பீமன் ஓடிவந்து எம்பித் தாண்டி மணலில் விழுந்தார். தூரத்தை அளக்க வைத்திருந்த புதிய ஒளியியல் கருவிக்கு அவ்வளவு தொலைவு எட்டவில்லை. பழைய டேப்பைக் கொண்டுவந்து பிடித்தார்கள். 8.90 மீட்டர், முந்தைய உலக சாதனையைவிட 55 சென்டிமீட்டர் கூடுதல். பதினாறு நாள் முன்பு அதே நகரின் ஒரு சதுக்கத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் இன்றுவரை முடியவில்லை. அந்த ஆண்டைப் படிக்க முனைகிறவர் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

1929 முதல் ஒரே கட்சி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஆண்டுவந்த நாடு மெக்சிகோ. லத்தீன் அமெரிக்காவில் ஒலிம்பிக் நடந்தது அதுவே முதல்முறை. கல்யாண வீட்டுக்காரரின் பதற்றம் அரசுக்கு இருந்தது. அமைப்புக் குழுத் தலைவர் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் கட்டடக் கலைஞர். அவர் கலையை முன்னே நிறுத்தினார். ஆண்டு முழுக்கக் கலாச்சார ஒலிம்பிக் நடந்தது. 17 கிலோமீட்டர் சாலையோரத்தில் 19 பிரம்மாண்டச் சிற்பங்கள் எழுந்தன. வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன் வரைந்த இணைகோட்டு எழுத்துகள் நகரெங்கும் அலையலையாகப் பரவின. கடைக் கண்ணாடிகளில் வெள்ளைப் புறா ஒட்டப்பட்டது. சமாதானம் இருந்தால் எல்லாம் கைகூடும் என்பது அரசின் முழக்கம்.

ஜூலை 22 அன்று இரண்டு பள்ளிகளின் மாணவர்களுக்குள் தொடங்கிய கைகலப்பில் கலவரத் தடுப்புப் போலீஸ் புகுந்து அடித்தது. ஒரு வாரத்தில் ராணுவம் பழைய சான் இல்தெஃபோன்ஸோ கல்லூரியின் செதுக்கு வேலைப்பாடுள்ள கதவை பஸூக்காவால் தகர்த்தது. ஆகஸ்ட் 1 அன்று பல்கலைக்கழகத் தலைவர் ஹவியேர் பாரோஸ் சியெர்ராவே ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். மாணவர்களின் கோரிக்கைகள் ஆறு. அரசியல் கைதிகளை விடுவிப்பதும் அந்தப் போலீஸ் படையைக் கலைப்பதும் அவற்றில் அடக்கம். செப்டம்பர் 13 அன்று வாய்பேசாமல் ஊர்வலம் போனார்கள். சிலர் வாயில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். ஐந்து நாள் கழித்து ராணுவம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. ஒலிம்பிக் தொடங்கவிருந்த ஸ்டேடியம் அதே வளாகத்தைச் சேர்ந்தது.

கலை விமர்சகர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம், மாணவர்கள் அச்சடித்த சுவரொட்டிகள். ஓவியப் பள்ளிகளில் கைக்குக் கிடைத்த மலிவுத் தாளில் இரவோடு இரவாக அச்சடித்தார்கள். வைமனின் கோடுகளையே எடுத்துக்கொண்டு தடியோங்கும் போலீஸ்காரனை வரைந்தார்கள். அரசின் புறாவையும் விடவில்லை. அதன் மார்பில் துப்பாக்கிக் கத்தியைச் சொருகினார்கள். விருந்தாளிகளுக்கு அரசு போட்ட கோலத்திலேயே வீட்டுச் சண்டை வெளியே தெரிந்தது.

அக்டோபர் 2, த்லாத்தெலோல்கோ. ஆஸ்டெக் இடிபாடுகள், ஸ்பானிய தேவாலயம், நவீன அடுக்குமாடிகள் மூன்றும் சூழ்ந்த சதுக்கத்தில் மாணவர்கள் கூட்டம் கூடியிருந்தது. மாலை ஆறு மணி தாண்டியதும் வானத்தில் ஒளிக்குண்டுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு தொடங்கியது. கூட்டத்துக்குள் சாதாரண உடையில் இருந்த படையினர் ஒருவரையொருவர் அடையாளம் காண இடக்கையில் வெள்ளையுறை மாட்டியிருந்தார்கள். மாணவர்களே முதலில் சுட்டார்கள் என்றது அரசு. அன்றைய பாதுகாப்பு அமைச்சரின் காகிதங்கள் 1999இல் வெளிவந்தபோது, மாடிகளிலிருந்து சுட்டவர்களில் அதிபரின் காவல் படையினரும் உண்டு என்பது தெரிந்தது. அரசு ஒத்துக்கொண்ட சாவுகள் முப்பதைக்கூட எட்டவில்லை. வெளிநாட்டு நிருபர் ஒருவர் 300க்கு மேல் என்றார். பிற்கால ஆவண ஆய்வு ஒன்று 44 பேரை உறுதிசெய்தது.

பத்தாம் நாள் ஒலிம்பிக் விழா தொடங்கியது. தடை ஓட்ட வீராங்கனை என்ரிகேதா பசிலியோ தீபமேற்றினார்; ஒலிம்பிக் தீபத்தை ஏற்றிய முதல் பெண் அவர்தான். அக்டோபர் 22 அன்று பதினேழு வயது ஃபெலிபே முன்யோஸ் 200 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றார். அப்பாவின் ஊர்ப் பெயருக்கு வெந்நீர் என்று பொருள், அம்மாவின் ஊர்ப் பெயருக்குக் குளிராறு என்று பொருள். அதனால் நண்பர்கள் அவரை ‘வெதுவெதுப்பு’ என்றே கூப்பிட்டார்கள். அன்றைக்கு அரங்கம் அழுதது நிஜம். அந்த மகிழ்ச்சியை அரசின் சூழ்ச்சி என்று தள்ளிவிட்டால் மெக்சிகோக்காரர்களின் 1968இல் பாதி போய்விடும்.

எழுத்து தாமதிக்கவில்லை. டெல்லியில் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ் த்லாத்தெலோல்கோ செய்தி கேட்டதும் பதவியை உதறினார். 1971இல் பத்திரிகையாளர் எலெனா போனியாத்தோவ்ஸ்கா, தாய்மார்கள், கைதிகள், குடியிருப்புவாசிகள் சொன்னதையெல்லாம் துண்டுதுண்டாக அடுக்கி ஒரு நூலாக்கினார். அதில் ஆசிரியரின் தீர்ப்பைவிட சாட்சிகளின் குரலே ஓங்கி நிற்கிறது. அன்றைய உள்துறை அமைச்சர் லூயிஸ் எச்செவெர்ரியா அதற்குள் நாட்டின் அதிபராகியிருந்தார். அந்தப் படுகொலை கதைப்படமாகத் திரைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

1993இல், இருபத்தைந்தாம் ஆண்டில், சதுக்கத்தில் ஒரு கல் நட்டார்கள். நடுகல் கண்ட நமக்கு அது புதிதாகத் தோன்றாது. அதில் இருபது பெயர்கள், வயதோடு. அதன்பின், பெயரும் வயதும் இன்னும் தெரியாத தோழர்கள் பலர் என்று ஒரு வரி.