வெற்றிடமும் பாடமும்: எக்ஸ்எம்எல் உள்தள்ளலும் தமிழ்ச் செய்யுட் பதிப்பும்

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. அச்சுநூலில் காணும் இடைவெளி பதிப்பாசிரியரின் முடிபு. 'பலகை' எனச் சேர்த்தெழுதினால் ஒரு பொருள்; 'பல கை' எனப் பிரித்தால் வேறு பொருள். அம்முடிபை மென்பொருள் தானே மேற்கொள்ளுமாயின், பாடத்திற்குப் பொறுப்பாளர் யார்? செய்யுளை எக்ஸ்எம்எல் குறியீட்டில் அமைக்கும் மின்பதிப்புகளை நோக்கி எழுப்பவேண்டிய வினா இது.

1998இல் வெளிவந்த எக்ஸ்எம்எல் 1.0 வரையறை, குறியீடு அல்லாத எழுத்துகள் அனைத்தையும், வெற்றிடம் உட்பட, பயன்பாட்டு நிரலுக்கு அளிக்கவேண்டும் என்கிறது. ஆனால் வெளியீட்டை அழகுபடுத்தும் கருவிகள், படிப்போர் வசதிக்காக ஒவ்வோர் உறுப்பையும் புதுவரியில் உள்தள்ளி வைக்கின்றன. விலைப்பட்டியலுக்கு இதனால் தீங்கில்லை. உரையும் உறுப்புகளும் விரவிவரும் ஆவணங்களில் உள்தள்ளல் பெரும்பாலும் பாதுகாப்பானதன்று என 1999ஆம் ஆண்டின் எக்ஸ்எஸ்எல்டி 1.0 வரையறையே எச்சரித்தது. ஆகவே சில கருவிகள் ஓர் ஊகத்தைக் கைக்கொள்கின்றன: ஓர் உறுப்பினுள் நேரடியாக உரை இருப்பின் தொடாது விடுக, உள்ளுறுப்புகள் மட்டுமே இருப்பின் உள்தள்ளுக.

தமிழ்ச் செய்யுளில் இவ்வூகம் பொய்க்கிறது. அடியைச் சீர்சீராகக் குறியிடும்போது அடி என்னும் உறுப்பினுள் சீர் உறுப்புகளன்றி நேரடி உரை யாதும் இராது; கருவி தயங்காமல் உள்தள்ளும். வகையுளி வருமிடத்தில் தீங்கு வெளிப்படும். 'நிலவொளியினில்' என்னும் சொல் 'நிலவொ', 'ளியினில்' என இரு புளிமாச் சீர்களாக நிற்பதாகக் கொள்க. இரண்டிற்கும் நடுவே புதுவரியும் உள்தள்ளலும் புகுந்தபின், 'நிலவொளி' எனத் தேடுவோர்க்கு அச்சொல் அகப்படாது. சொல்லடைவிலோ பொருளற்ற இரு வடிவங்கள் இடம்பெறும்.

இப்பிழை எளிதில் கண்ணிற்படாமைக்குக் காரணம் உண்டு. உலாவி, புதுவரியையும் அதனைத் தொடரும் வெற்றிடங்களையும் ஒரே இடைவெளியாகச் சுருக்கிக் காட்டும். திரையில் தோன்றுவது சீர் பிரித்து அச்சிடும் பழைய பதிப்பு மரபின் தோற்றமே! மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் போன்றவை மேற்கொண்ட சந்தி பிரிப்பு ஆய்ந்து செய்த பணி. கருவியின் பிரிப்பு அத்தகையதன்று. எனினும் படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

மறுதலையான பிழையும் உண்டு. ஏற்கெனவே உள்தள்ளிய கோப்பை மீண்டும் அழகுபடுத்தினால் சில கருவிகளில் வெற்றுவரிகள் பெருகும். அதனைத் தவிர்க்க வெற்றிடக் கணுக்களை முற்றாக நீக்குவர். அப்போது இரு சீர்களுக்கிடையே பதிப்பாசிரியர் வேண்டுமென்றே இட்ட இடைவெளியும் மறைந்து, தனிச்சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.

வெற்றிடத்தைக் காக்கவேண்டும் என அறிவிக்கும் எக்ஸ்எம்எல் பண்பு, விருப்பத்தைத் தெரிவிக்குமேயன்றிக் கருவியைக் கட்டுப்படுத்தாது. குறித்த உறுப்புகளில் உள்தள்ளலைத் தடுக்க 2017ஆம் ஆண்டின் எக்ஸ்எஸ்எல்டி 3.0 வழிசெய்வது இதனினும் மேம்பட்டது. ஆயினும் கோப்பு வேறு கருவியின் கைக்குச் சென்றால் அக்காப்பு உடன் செல்லாது. சொற்பிரிவைக் குறியீட்டிலேயே பதிவதே தக்கது. டிஇஐ நெறிமுறையில், துண்டுபட்ட அலகின் முதற்பகுதி, இடைப்பகுதி, இறுதிப்பகுதி ஆகியவற்றைச் சுட்டும் பண்பு ஏற்கெனவே உளது. அதனைச் சொல்லுறுப்புக்குப் பயன்படுத்தின், வெற்றிடம் கூடினும் குறையினும் சொல்லை மீட்டெடுக்கலாம். உழைப்பு மிகும் என்பது மெய்யே. வகையுளி வரும் இடங்கட்கு மட்டும் இவ்வாறு செய்தலும் பயன்தரும்.

வெளியீட்டுக்கு முன் செய்யத்தக்க சோதனை எளிது: வடிவமைப்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அடியின் குறியீடுகளையும் நீக்கி, எஞ்சும் எழுத்துத் தொடர்களை வெற்றிடம் உட்பட ஒப்பிடவேண்டும். வேறுபாடு தோன்றிய அடி, பதிப்பாசிரியர் பார்வைக்குத் திரும்பவேண்டும்.