சிவந்த கட்டமும் சொல்லாத விதியும்

மதிப்பெண் பட்டியலில் 35-க்குக் கீழே போன எண்ணைச் சிவப்பு மையால் சுழிப்பது ஆசிரியர்களின் பழைய வழக்கம். ஏன் சுழித்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தார். இன்று அந்த வேலையைப் பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி எழுதி முடித்துவிடலாம். தரவை அலசப் பயன்படும் பாண்டாஸ் தொகுப்பில், 2015-இல் சேர்க்கப்பட்ட ஸ்டைலர் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது.

இதன் முதல் பலம், விதி எழுத்தில் இருப்பது. மவுஸைப் பிடித்துக் கட்டம் கட்டமாக நிறம் பூசியவர், அடுத்த மாதப் பட்டியல் வந்ததும் மறுபடி முதலிலிருந்து பூச வேண்டும். நிரலில் எழுதிய விதியோ எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அதே கண்ணோடு பார்க்கும். இரண்டாவது, குறி தப்பாமை. ‘சப்செட்’ என்று கொடுத்துக் ‘கணிதம்’ நெடுவரிசையை மட்டும் பெயர் சொல்லிப் பிடிக்கலாம். நாளை அது மூன்றாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு நகர்ந்தாலும் நிறம் கூடவே போகும். மூன்றாவது, மாறுவது தோற்றம் மட்டுமே. அடியிலிருக்கும் எண்ணுக்குச் சேதமில்லை.

சிக்கல் தொடங்குவதும் இந்த மூன்றாவது பலத்தில்தான். ஒரு மாணவரின் சராசரி 34.6 என்று வைத்துக்கொள்வோம். தசமம் வேண்டாம் என்று வடிவமைத்தால் கட்டத்தில் 35 என்று தெரியும். நிற விதி பார்ப்பதோ உள்ளே இருக்கும் 34.6-ஐ. பட்டியலில் ஒரு 35 சிவந்திருக்கும், பக்கத்து வரிசையில் இன்னொரு 35 சும்மா இருக்கும். இயந்திரம் இரண்டு இடத்திலும் சரி. படிப்பவருக்குத்தான் தலை சுற்றும்.

தேர்வுக்கே வராதவரின் நிலை இதைவிட மோசம். வெற்றுக் கட்டத்தைப் பாண்டாஸ் ‘மதிப்பு இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. அதனிடம் ‘35-க்குக் குறைவா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். சிவப்பு விழாது. வராதவர், நிறத்தளவில், தேறியவரோடு உட்கார்ந்துவிடுகிறார். விடுபட்டவற்றைத் தனியாகக் காட்ட ஸ்டைலரில் வழி உண்டு. ஆனால் கேட்டால்தான் அது காட்டும்.

வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை படிப்படியாக நிறம் ஏற்றும் வசதி இன்னும் நயமாக ஏமாற்றும். நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு நெடுவரிசையிலும் உள்ள சிறியதையும் பெரியதையும் தனித்தனியே இரு எல்லையாக வைத்துக்கொள்ளும். ஒரு பாடத்தில் எல்லாரும் 91-க்கும் 93-க்கும் இடையில்; இன்னொன்றில் 20-இலிருந்து 98 வரை. இரண்டும் ஒரே அளவு வண்ணத்தோடு வரும். கீழெல்லை, மேலெல்லையை நாமே 0, 100 என்று கொடுத்தால் இந்த மாயை கலையும்.

எக்செல் கோப்பாக அனுப்பினால் வேறொரு இழப்பு. நிறம் போகும், விதி போகாது. கோப்பைப் பெற்றவர் 30-ஐ 60 ஆகத் திருத்தினாலும் கட்டம் சிவப்பாகவே நிற்கும். எக்செலிலேயே போட்ட நிபந்தனை வடிவமைப்பு என்றால் எண்ணோடு சேர்ந்து நிறமும் மாறியிருக்கும். தவிர, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு, நிறத்தை மட்டுமே நம்பிய அட்டவணை பாதி ஊமை. எழுத்தைத் தடிப்பாக்குவதோ ஒரு குறி சேர்ப்பதோ அவர்களுக்குத் துணை.

இவை ஸ்டைலரைக் கைவிடச் சொல்லும் குறைகள் அல்ல. கையால் பூசுவதைவிட இது பல மடங்கு நேர்மையான முறை. தவறு நேர்ந்தாலும் எந்த வரியில் நேர்ந்தது என்று காட்டலாம். ஆனால் அந்த நேர்மை, நிரலைத் திறந்து பார்க்கக்கூடியவருக்கு மட்டுமே கிடைக்கிறது. தாளில் அட்டவணையைப் பார்ப்பவருக்கு வந்து சேர்வது தீர்ப்பு மட்டும். இயந்திரத்துக்கு எழுதிய விதியை மனிதருக்கும் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அட்டவணைக்குத் தலைப்பு இடவும் ஸ்டைலரிலேயே இடமிருக்கிறது: ‘முழுமையாக்காத சராசரி 35-க்குக் குறைந்தால் சிவப்பு, தேர்வுக்கு வராதவர் சாம்பல்.’